நாலாவது பெயர்: நாடகம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாடகம் முடிந்து விளக்குப் போட்டதும் கூட்டம் கலைவதில்லை. பாதிப் பேர் மேடைப் பக்கம் வந்துவிடுவார்கள். கூடலூரில் கேட்டதையே கோத்தகிரியிலும் கேட்பார்கள், கோத்தகிரியில் கேட்டதையே திருச்சியிலும் கேட்பார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே பதில் சொல்லி, வண்டி கிளம்பிவிட்டதால் பாதியில் விட்டுவந்த நாட்கள் பல. அந்தப் பாதிப் பதில்கள் மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

நாடகம் பார்க்காதவர்களுக்குக் கதை இது. இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத அப்பா, 1970இல் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுகிறார். தாளில் ஐந்து பெயர்கள்: அப்பா, அம்மா, பாட்டி, பெரியவள், சின்னவள். இரண்டு வருடம் கழித்துப் பெரியவளை அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். அத்தை வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டவர்கள். 1976இல் அப்பாவின் தாள் பாஸ்போர்ட்டாகத் திரும்பி வருகிறது. தலைமன்னார் இறங்குதுறையில் அதிகாரி ஆட்களை எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. "நாலாவது?" யாரும் முன்னால் வரவில்லை. அம்மாதான் "வரல" என்கிறாள். கடைசிப் பகுதியில் மேடை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் அட்டன், வலது பக்கம் கோத்தகிரி.

இது உண்மையா நடந்த கதையா?

ஒரே வீட்டில் இப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். பல வீடுகளில் கேட்டதை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். நானும் தாயகம் திரும்பியோர் என்று சான்றிதழில் எழுதப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் "அக்கரையில பெரியம்மா இருக்கா" என்பது சோறு பரிமாறும்போது சாதாரணமாக வந்துபோகும் பேச்சு. அந்தப் பெரியம்மாவை நான் பார்த்ததில்லை. நாடகத்துக்கு விதை அதுதான்.

தேதிகளையும் சட்டங்களையும் நாங்கள் கற்பனை செய்யவில்லை. மனிதர்கள்தான் கற்பனை.

இவங்க சண்டையில படகேறி வந்த யாழ்ப்பாணத்து அகதிங்கதானே?

இல்லை. அதிகம் பேருக்கு வரும் குழப்பம் இது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புத் தமிழர்கள் அந்த மண்ணிலேயே பல நூற்றாண்டுகளாக வாழ்பவர்கள். நாடகத்தில் வருபவர்கள் மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 1820களுக்குப் பிறகு, திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகள் அழைத்துப்போன கூலிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முதலில் கோப்பித் தோட்டம், அதாவது காப்பி. 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்தது. பிறகு தேயிலை.

போர் அகதிகள் 1983க்குப் பிறகு வந்தவர்கள். நாடகத்துக் குடும்பம் அதற்கு முன்பே, இந்தியாவும் இலங்கையும் 1964இல் ஒப்பந்தம் போட்டுப் பேசி முடித்த கணக்கின்படி, பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட இடமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

அங்கேயே பொறந்து வளந்தவங்க எப்படி நாடில்லாதவங்க ஆனாங்க?

1947 தேர்தலில் இவர்களுக்கு வாக்கு இருந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எஸ். தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை உட்பட ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். 1948 பிப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து நவம்பர் 15 முதல் நடைமுறையானது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் எங்கே போவான்? 1949இல் வாக்குரிமையும் போனது. இந்தச் சட்டங்களை ஒட்டித்தான் யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர் செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1949இல் இன்னொரு சட்டம், வசிப்பிட அடிப்படையில் குடியுரிமை தருவதாகச் சொன்னது. இதில் கல்யாணத்தை எங்கே நுழைத்தார்கள் பாருங்கள். 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் தொடர்ந்து 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். மனைவியோ, கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் அங்கே வந்து குடியிருந்திருக்க வேண்டும். ஊரில் பெண்ணெடுத்து, பெண்டாட்டியைப் பெற்றவர்களிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவன் அங்கேயே தோற்றான். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஒப்பந்தம் வருவதற்கு 15 வருடம் முன்பே, யார் யாரோடு எங்கே குடித்தனம் நடத்தினார் என்பது பிரஜாவுரிமைக் கேள்வியாகிவிட்டது.

ஒப்பந்தம் ஒப்பந்தம்ங்கிறீங்க, அதுல என்னதான் இருந்துச்சு?

1964 அக்டோபர் 30, டெல்லி. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்டது. நாடற்றவர் எண்ணிக்கை 9,75,000 என்று வைத்துக்கொண்டார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். இடையில் பிறக்கும் பிள்ளைகள் அந்தந்தக் கணக்கில் சேர்வார்கள். 15 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். இந்தியா 7 பேரை எடுத்தால் இலங்கை 4 பேருக்குத் தரும் என்ற விகிதம். மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அவங்ககிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?

எண்ணிக்கையை முடிவு செய்யும்போது கேட்கவில்லை. தொண்டமான் எதிர்த்தார், அவரும் மேசையில் இல்லை. எண்ணிக்கை முடிந்த பிறகுதான் 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்டார்கள். விண்ணப்பம் வாங்கியது 1968 மே முதல் 1970 ஏப்ரல் 30 வரை. இலங்கைதான் வேண்டும் என்று எழுதிப்போட்டவர்கள் அங்கே ஒதுக்கிய இடத்தைவிட மிக அதிகம். இந்தியாவுக்கு எழுதியவர்கள் இந்தியா ஒப்புக்கொண்டதைவிடக் குறைவு. மக்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் கணக்கு தலைகீழாக வந்திருக்கும் என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான்.

அப்பா ஏன் இந்தியான்னு எழுதினார்? அந்த ஆள்மேல எனக்குக் கோவமே வந்துருச்சு.

கோபம் வருகிற மாதிரிதான் அந்தக் காட்சி இருக்கிறது. ஆனால் அவர் நிலையில் இருந்து பாருங்கள். இருபது வருடமாக வாக்கில்லை. காணி இல்லை. குடியிருக்கும் காம்பரா துரையுடையது, வேலை போனால் வீடும் போகும். தெருவில் 'கள்ளத்தோணி' என்று கூப்பிடுகிறார்கள். இலங்கைக்கு எழுதிப்போட்டால் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை, முன்பு 1949 சட்டத்தில் எழுதிப்போட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட தாள் அவர் பெட்டியிலேயே இருக்கிறது. இந்தியாவுக்குப் போட்டால் எப்படியும் கிடைக்கும். "ஏதாவது ஒரு தேசம் நம்ம பேரை எழுதி வச்சுக்கட்டும்" என்கிறார். அந்த வசனத்தை எழுதியபோது, எங்கள் தாத்தாவும் இதைத்தான் நினைத்திருப்பார் என்று பட்டது.

நாடகத்து அப்பா 1970இல் எழுதியதற்குப் பின்னால் வருத்தப்படுகிறார். ஆனால் 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் ஆட்கள் அலைந்து, பட்டினியில் செத்ததைப் பார்த்தபோது, "நல்லவேளை எழுதினேன்" என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே வாயில் வருகின்றன. அதை மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டார்கள், நான் மாற்றவில்லை.

ஒரே வீட்டுக்குள்ள எப்படிப் பிரியும்? புருஷன் பொண்டாட்டியவே பிரிச்சாங்களா?

சட்டம் நேராக அப்படிச் சொல்லவில்லை. விண்ணப்பம் குடும்பத் தலைவர் பெயரில். மனைவியும் சின்ன வயதுப் பிள்ளைகளும் அவர் தாளோடு போவார்கள். வயதுவந்த பிள்ளைகளுக்குத் தனித் தாள். அதனால் அதிகம் நடந்த பிரிவு அப்பா அம்மா ஒரு நாடு, மணமான மகன் ஒரு நாடு, அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்பதுதான்.

கணவன் மனைவிக்கு வந்த சிக்கல் காலதாமதத்தால் வந்தது. தாள் போட்டது ஒரு வருடம், பதில் வந்தது ஐந்தாறு வருடம் கழித்து, சிலருக்குப் பத்து வருடம் கழித்து. அதற்குள் வாழ்க்கை நிற்குமா? தாள் போட்டபோது பெரியவள் மணமாகாத பெண், அதனால் அப்பா தாளில் இருக்கிறாள். பதில் வரும்போது அவள் இன்னொருவன் மனைவி. கோப்பில் அவள் இன்னும் பாவாடை தாவணியில் நிற்கிறாள். பாஸ்போர்ட் வந்துவிட்டால் இலங்கையில் தங்குவதற்கான விசாவின் கெடுவும் ஓடத் தொடங்கிவிடும். பிறந்த ஊரிலேயே கெடு முடிந்து குடியிருப்பவள் ஆகிவிடுகிறாள்.

கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லிப் பேரை எடுத்திருக்கலாமே?

இரண்டாம் பகுதி முழுவதும் அந்த அலைச்சல்தான். முதல் கேள்வியே "கல்யாணத்துக்கு என்ன அத்தாட்சி?" தோட்டத்தில் பரிசம் போட்டு, மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, லயத்துக்கே சோறு போட்டு முடிப்பார்கள். பதிவு செய்வதைக் 'கல்யாணம் எழுதுறது' என்பார்கள். பல வீடுகளில் எழுதுவதில்லை. ஊரே பார்த்த கல்யாணத்துக்கு ஒரு தாள் சாட்சி இல்லை. அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கெஞ்சி ஒரு கடிதம் வாங்குகிறார். அதில் பெரியவளின் பெயர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த ஒரு எழுத்துக்காக அட்டனிலிருந்து கண்டிக்கு மூன்று தடவை.

எங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் நின்றார்கள். எது என்று சொல்ல விரும்பவில்லை. காலையில் வரிசையில் நின்று, பகலில் 'நாளைக்கு வா' என்று கேட்டு, லயத்துக்குத் திரும்பினால் அன்றைய பேர் போயிருக்கும். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

மச்சானும் பொண்டாட்டி கூடவே இந்தியா வந்திருக்கலாமே? அந்த ஆள் என்ன ஆம்பளை?

பெண்கள் அதிகம் கேட்பது இது. மச்சானுக்கு அம்மா தனி ஆள், அதாவது அத்தை. அவள் இலங்கைக்கு எழுதிப்போட்டவள், மகனையும் சேர்த்துத்தான். அவன் போனால் அவள் தனியாக நிற்பாள். பெரியவள் போனால் அவன் தனியாக நிற்பான். பெரியவள் போகாவிட்டால் பாட்டிக்குக் கடைசியில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆள் குறையும். யார் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒருவர் தனியாக நிற்பார். ஒத்திகையில் இதை நடிகர்களுக்கு விளக்கத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொருவராக நகர்த்திப் பார்த்தோம். எல்லோரையும் ஒரே பக்கம் கொண்டுவர வழியே இல்லாமல் போனது.

மச்சானாக நடிப்பவர் அந்த இடத்தில் எதுவும் பேசுவதில்லை. கூடையின் கயிற்றைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருப்பார்.

சொந்தத்துல கட்டாம வெளியில கட்டிக் கொடுத்திருந்தா இந்தப் பிரச்சினை வந்திருக்காதோ?

வந்திருக்கும். மாப்பிள்ளை யாராக இருந்தாலும் அவன் தாள் வேறு, அப்பா தாள் வேறு. ஆனால் சொந்தத்தில் கட்டியதால் இழப்பு இரட்டிப்பானது என்பது உண்மை. அண்ணன் மகளை அக்கா மகனுக்குக் கொடுப்பதும், அந்த வீட்டுப் பெண்ணை அடுத்த தலைமுறையில் இங்கே எடுப்பதும் உறவு விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான். சின்னவளுக்கும் அங்கே முறை மாப்பிள்ளை இருந்தான். கப்பல் ஏறிய அன்றே அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. யாரும் அதை முறித்துக்கொள்ளவில்லை, சண்டையும் போடவில்லை. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

ரயில் காட்சியில எல்லாரும் சாவு வீடு மாதிரி அழுவுறாங்களே, கொஞ்சம் அதிகமா இல்ல?

இல்லை. நாங்கள் குறைத்துத்தான் காட்டியிருக்கிறோம். அந்த ரயிலுக்கு மலையகத்தில் வைத்த பெயரே 'ஒப்பாரிக் கோச்சி'. அங்கே ரயிலைக் கோச்சி என்பார்கள். மலையிலிருந்து இறங்கி, அனுராதபுரம் தாண்டி, மதவாச்சியில் மன்னார்ப் பக்கம் திரும்பித் தலைமன்னார் போய்ச் சேரும். ஸ்டேஷனுக்கு வழியனுப்ப லயமே திரண்டு வரும். இனி பார்க்கவே மாட்டோம் என்று தெரிந்து வழியனுப்புவதால் ஒப்பாரி தானாக வந்தது. உயிரோடிருப்பவரைப் பார்த்துப் பாடிய ஒப்பாரி. மேடையில் பாடப்படும் நான்கு வரிகள் நாங்கள் எழுதியவை, மெட்டு மட்டும் இழவு வீட்டில் கேட்டுப் பழகியது.

அம்மா ஏன் அம்மியை விட்டுட்டு குழவிய மட்டும் தூக்கிட்டு வர்றாங்க? எனக்கு அது புரியல.

கூடலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு குழவிக்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் மஞ்சள் ஏறி, நடுவில் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்த கல். அம்மி எங்கே என்று கேட்டேன். "அம்மி அங்க இருக்கு, எங்க அக்காகிட்ட" என்றார் அந்தப் பாட்டி. பெட்டியில் எடை கூடுகிறது என்று அம்மியை எடுக்க விடவில்லையாம். குழவியை மட்டும் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்களாம். இங்கே வேறு அம்மி வாங்கி, வேறு குழவி வாங்கித்தான் அரைத்தார்கள். பழைய குழவியால் ஒருநாளும் அரைக்கவில்லை.

அம்மி மிதித்துக் கட்டிக் கொடுத்த மகளிடம் அம்மி நின்றுவிட்டது. அதற்கு மேல் மேடையில் நாங்கள் ஒன்றும் சேர்க்கவில்லை. மேடையில் இருக்கும் குழவி உண்மையான கல். அம்மாவாக நடிப்பவர் லேசாக ஒன்றைச் செய்து தரச் சொன்னார், நான்தான் பிடிவாதமாக வேண்டாம் என்றேன். தூக்கும்போது இடுப்பு வளைவது தெரிய வேண்டும்.

தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லையே. போய்ப் பாத்துட்டு வந்திருக்கலாமே?

தூரம் குறைவுதான். ஒரு காலத்தில் சென்னையில் போட்மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, அக்கரையில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனவர்கள் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 'இராமானுஜம்' என்ற அந்தக் கப்பலில்தான் நாடகத்துக் குடும்பமும் வருகிறது. 1984இல் அதுவும் நின்றது.

ஆனால் கப்பல் ஓடியபோதும் போகவில்லை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் தினக்கூலிக்காரர் கைக்கு எட்டாதவை. பெரியவளோ வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று தெரியாத நிலையில் இருந்தாள். அதனால்தான் கடைசிப் பகுதி கடிதமாகவே போகிறது. பாட்டி செத்த செய்தி கருமாதிக்குப் பிறகு கிடைக்கிறது. பெரியவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு அன்றைக்கே வேலைக்குப் போகிறாள். இப்போது 2023 அக்டோபர் முதல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். தலைமன்னார் வழி இன்னும் திறக்கவில்லை.

இங்க வந்தவங்களுக்கு அரசாங்கம் ஒண்ணுமே செய்யலையா?

செய்தது. சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி) உள்ளிட்ட தங்கள் பணத்தை எடுத்துவர ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது, அந்த அளவை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் இருந்தது. மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம், இன்றைய டான்டீ. கேரளத்தில் புனலூர்ப் பக்கமும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் ரப்பர்த் தோட்டங்கள். கடன் கொடுக்க ரெப்கோ வங்கி. பிள்ளைகளையும் சேர்த்து 4,50,000க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அது போதவில்லை. தேயிலை தெரிந்தவனுக்குத் தறியும், பெட்டிக்கடைக் கடனும் கிடைத்த கதைகள் நிறைய. அங்கே 'இந்தியாக்காரன்' என்றவர்கள் இங்கே வந்ததும் 'சிலோன்காரங்க' ஆனார்கள்.

பெரியவளுக்குக் கடைசியில பிரஜாவுரிமை கிடைச்சுதா இல்லையா? நாடகத்துல சரியா சொல்லலையே.

சொல்லியிருக்கிறோம், ஆனால் வேகமாகப் போய்விடுகிறது. 1988இல் இலங்கை ஒரு சட்டம் கொண்டுவந்து மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தவர்கள் அதில் சேரவில்லை. பெரியவளின் பெயர்தான் அப்பா தாளில் இருக்கிறதே. பாஸ்போர்ட் வாங்கியும் கப்பல் நின்றதால் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும், விண்ணப்பித்துப் பதில் வராதவர்களும் இப்படித் தொங்கினார்கள். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு 33 வருடம் கழித்து.

கடைசிக் காட்சியில் அவள் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாடத்தில் வைக்கிறாளே, அது அந்த அட்டைதான். இனி அதைச் சற்று நேரம் கையில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாத்திரங்களுக்கு ஏன் பேரே இல்ல?

பெயர் இருக்கிறது, தாளில். எழுத்து மாறிப்போய்க் கிடக்கிறது. வீட்டில் யாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்கா, மச்சான், அத்தை, பெரியவளே. தாளில் இருப்பது எண். இந்த இரண்டுக்கும் இடையில்தான் நாடகம் நடக்கிறது.

எங்க மாமா முகாம்ல இருக்கார். அவரும் மலையகம்தான், ஆனா அகதின்னு பதிஞ்சிருக்காங்க. அவர் கதை இதுல எங்க வருது?

இதைத்தான் மேலே சிக்கிக்கொண்ட இடம் என்றேன். 1977, 1983 வன்முறைகளில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள், கப்பல் நின்ற பிறகு மற்றவர்களோடு படகில் வந்தவர்கள் உண்டு. அவர்களில் இந்தியக் குடியுரிமைக்கு முன்பே எழுதிப்போட்டிருந்த குடும்பங்களும் இருந்தன. முறையாகக் கப்பலில் வந்தவன் தாயகம் திரும்பியவன், அதே வீட்டுத் தம்பி படகில் வந்தால் அகதி. அகதி என்பதும் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறிதான். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்டவராக இருந்தால், மற்றவர் இந்தியராக இருந்தாலும் பிறப்பால் குடியுரிமை இல்லை. அதாவது முகாம் பையனைக் கட்டிக்கொள்ளும் உள்ளூர்ப் பெண்ணின் பிள்ளைக்கும் இந்தக் கோடு வந்து சேர்கிறது.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான இத்தகைய முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. உங்கள் மாமாவிடம் பழைய விண்ணப்பத்தின் நகலோ, ரசீதோ, ஒரு எண்ணோ இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர் கதைக்கு இந்த நாடகத்தில் இடமில்லை. தனி நாடகம் வேண்டும், அதை எழுத ஆசை இருக்கிறது.

உலகத்துல வேற எங்கயும் இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. கோலான் குன்றுகளை 1967இல் இஸ்ரேல் பிடித்தபின், அங்குள்ள துரூஸ் என்ற சமயச் சிறுபான்மை மக்களின் சொந்தங்கள் சிரியாப் பக்கம் நின்றுவிட்டார்கள். மஜ்தல் ஷம்ஸ் ஊரில் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டார்கள். சிரியாவில் வாழ்க்கைப்பட்ட பெண் குனேத்ரா எல்லைவாயில் வழியாக மணக்கோலத்தில் கடந்துவிட்டால் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வர முடியாமல் இருந்தது. கொரியாவில் முதுமையடைந்த அண்ணன் தங்கைகளைச் சில நாட்கள் சேர்த்துவைத்துவிட்டு மறுபடி பிரித்தார்கள். அங்கெல்லாம் கோடு மனிதர்கள் மேல் வந்து விழுந்தது. எங்கள் கதையில் கோடு ஏற்கனவே கடலாக இருந்தது, மனிதர்களைத்தான் பங்கு பிரித்தார்கள். எது கொடுமை என்று ஒப்பிட எனக்கு மனமில்லை.

எங்க பாட்டியோட தங்கச்சி அங்க இருக்காங்க. கடிதம் நின்னு முப்பது வருஷமாச்சு. எப்படித் தேடுறது?

இந்தக் கேள்வி வராத ஊரே இல்லை. முதலில் வீட்டில் பழைய பெட்டியைப் பாருங்கள். வரும்போது கொடுத்த குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பழைய கடித உறை, ஏதாவது ஒன்றில் தோட்டத்தின் பெயர் இருக்கும். அங்கே ஒரு தோட்டத்துக்கு இரண்டு பெயர். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் தாளில் இருக்கும், நம் ஆட்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் பாட்டி வாயில் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் எந்தப் பிரிவு, மேல் லயமா கீழ் லயமா, பக்கத்து ரயில் ஸ்டேஷன் எது, கோயில் எந்தச் சாமி என்பதையும் கேளுங்கள்.

தேடும்போது பாட்டியின் தங்கை பெயரைச் சொல்லிக் கேட்டால் பலன் குறைவு, மேலே சொன்ன காரணம்தான், பெயரை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய அப்பா அங்கே யாரென்று அறியப்பட்டார் என்று கேளுங்கள். இன்ன கங்காணி கேங்கு, இன்ன ஊர்க்காரர் வீடு, தப்படித்தவர், காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர் என்று ஏதாவது ஒன்று பாட்டிக்கு நினைவிருக்கும். பாட்டி பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேள்வியைச் சமையலறையில் வைத்துக் கேளுங்கள், கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டால் ஒன்றும் வராது. எங்கள் பெரியம்மா இருந்த தோட்டத்தின் பெயர் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள்.